துரை பேசிய தொட்டில் பாட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை கெட்டுப்போனது எனக்கு வெகுநாள் தெரியாது. பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. திரை எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? அக்காதான் ஒருநாள் காலேஜ் வேலையாக வந்து உட்கார்ந்தவள், இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது புட்டுக்கினு எத்தினி நாளாச்சுடி?" என்று என் தலையில் குட்டினாள். நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது என்று நான் சத்தியம் செய்தேன். அது பொய்ச் சத்தியமும் இல்லை. எனக்கு நன்றாகத்தான் ஓடியது.

மண்ணூர்பேட்டையில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்திருந்த மாமா கொடுத்த கம்ப்யூட்டர் அது. அம்மாவின் தம்பி, ஐ.டி. வேலை. புதியது வாங்கியதும் பழையதை சேக்காட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். பெரியவள் படிப்புக்கு ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் போகிறபோக்கில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றையும் அதில் போட்டுவிட்டார். அன்றோடு அது என் சொத்தாகிவிட்டது. பூந்தமல்லியில் நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு உண்டு. எந்த விசையை அமுக்கினால் என்ன நடக்கும் என்பது என் விரலுக்குப் பழக்கம். வாரம் முழுக்க விடுதி, சனி ஞாயிறு வீடு. சனிக்கிழமை காலை வீட்டுக்குள் வந்ததும், பையை இறக்கி வைப்பதற்கு முன்பே கை கம்ப்யூட்டரைத் தேடிப் போய்விடும்.

வாசித்துக் காட்டும் குரல் ஓர் ஆணுடையது. ஆங்கிலம் மட்டும்தான் பேசும், அதுவும் மூக்கால் பேசும். அம்மா அவருக்குத் "துரை" என்று பெயர் வைத்துவிட்டாள். "துரை இன்னா சொல்றாரு?" என்று சமையலறையிலிருந்து விசாரிப்பாள். துரை எதையும் விடமாட்டார். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்வார், திறக்கும் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் சொல்வார். மாமா வைரஸ் தடுப்பு எதுவும் போட்டுத் தராததால் திரையின் மூலையில் அடிக்கடி ஓர் எச்சரிக்கை முளைக்கும். உடனே துரை கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, "யுவர் கம்ப்யூட்டர் மைட் பி அட் ரிஸ்க்" என்று துக்கச் செய்தி சொல்கிற குரலில் சொல்வார். கம்ப்யூட்டருக்கு ஆபத்து வரலாமாம். முதல் நாள் நான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் அது என் காதில் ஏறுவதே நின்றுவிட்டது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ரயில் போவது கேட்காது என்பார்களே, அந்த மாதிரி.

செத்த திரையை யாரும் சரிசெய்யவில்லை. அக்கா பிரௌசிங் சென்டருக்குப் போய்விட்டாள். அம்மா அதற்கு ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றை வைத்தாள். பூச்சாடிக்கு முன்னால் உட்கார்ந்து நான் தட்டுவதும், மேசைக்கடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் பதில் சொல்வதும் பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் கிலியாக இருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்த வயதில் என்னை ஆட்டிவைத்தது சிடி. கேசட் எனக்குப் புரிந்தது. எந்தப் பக்கம் நாடா கனமாகச் சுற்றியிருக்கிறது என்று விரல் விட்டால் தெரிந்துவிடும், ஓடும்போது முனகும், சிக்கினால் அழும். சிடி வாயே திறக்காது. பாட்டு எழுதியதும் ஒரே வழவழப்பு, எழுதாததும் ஒரே வழவழப்பு. நகத்தால் தடவினேன், கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன், ஒருநாள் நாக்கால் நக்கியும் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினேன். இத்தனை பாட்டும் எங்கேதான் உட்கார்ந்திருக்கிறது? பள்ளியில் கம்ப்யூட்டர் சாரைக் கேட்டேன். அதெல்லாம் பொடிப் பொடிப் பள்ளங்கள் பாப்பா, யார் கண்ணுக்கும் தெரியாது என்றார். யார் கண்ணுக்கும் தெரியாது என்றதில் எனக்கு ஒரு திருப்தி. புள்ளி புள்ளியாக எழுதியிருக்கிறது என்றால் அது எங்கள் பிரெய்லியேதான், மேடாக எழுதுவதைப் பள்ளமாக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். விடுதியில் எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன்.

விரலுக்கு எட்டாததை வேறு வழியில் பிடித்தேன். பாட்டு இருக்கிற பக்கத்தில் நடுத் துளையைச் சுற்றி மெல்லிய வரப்பு ஒன்று இருக்கும். அது கீழே போகிற மாதிரித் தட்டில் வைக்க வேண்டும். புதிதாக எழுதி முடித்த சிடி இஸ்திரி போட்ட கைக்குட்டை மாதிரி வெதுவெதுப்பாக வெளியே வரும். ஆறுவதற்குள் உறையில் போட்டு, பிரெய்லியில் குத்திய காகிதத் துண்டைக் கூடவே செருகிவிடுவேன். ஆறிப்போனால் அதுவும் வெறும் சிடியும் ஒன்றுதான். மாமாவின் பழைய பாட்டுகளையெல்லாம் இப்படி நகல் எடுத்து நகல் எடுத்து, தெருவில் எனக்குக் கொஞ்சம் பெயரும் வந்திருந்தது.

இனி என் துக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் பாடகர் குழுவில் நானும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரிசையில் ஓரமாக நின்று பாடுவேன். ஆனால் டிசம்பர் வந்ததும் குழு கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிவிடும். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவார்கள். சேக்காட்டுத் தெருக்களில் நடை, வெள்ளானூர்ப் பக்கம் என்றால் குட்டியானை வண்டி. அதற்கு மட்டும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். வருஷா வருஷம் குழுவின் கூட்டத்துக்குப் போய்விட்டு வரும் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "ரோடெல்லாம் தோண்டிப் போட்டுருக்காங்களாம் பாப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு அண்ணன் சொல்றாரு."

அண்ணன் என்பது குழுவை நடத்தியவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை, மாலையில் சபை. எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அக்கா மட்டும் ஒவ்வொரு வருஷமும் போவாள். யார் வீட்டு நாய் துரத்தியது, யார் சுருதி விட்டார்கள் என்று கதை கதையாகச் சொல்வாள், கேக் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். நான் அழுதுகொண்டே அந்தக் கேக்கைத் தின்பேன். அழுகிறேன் என்பதற்காக ஒரு துண்டும் விட்டதில்லை.

நான் சொல்ல வந்தது எனக்குப் பன்னிரண்டு வயதான வருஷம். எங்கள் கீபோர்டுக்காரர் துபாய்க்கு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். போகிறதற்கு முன்னால் கேரல் பாட்டுகளுக்கெல்லாம் இசையை மட்டும் வாசித்து ஒரு சிடியில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். பாடுகிறவர்கள் வீட்டில் பழக ஆளுக்கொரு நகல் வேண்டும். கடையில் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா சபை வாசலில் நின்றுகொண்டு, "கடைக்கு எதுக்குப்பா? எங்க பாப்பா போட்டுக் குடுக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குக் காது சூடாகிவிட்டது. உடனே இன்னொரு யோசனையும் ஓடியது. குழுவுக்கே சிடி போட்டுக் கொடுக்கிறவளை இந்த வருஷம் எப்படி வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் கொண்டுவந்து கொடுத்த சிடியில் கிரீஸ் வாசனை அடித்தது. ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்பேனர்களோடு போட்டு வைத்திருந்தாராம். பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, பிறகு வெறும் சிடிகளில் எழுத வேண்டும். எல்லாப் பாட்டும் ஒழுங்காக இறங்கின. கடைசிக்கு முந்தியதாக இருந்த தொட்டில் பாட்டில் மட்டும் டிரைவ் பல்லைக் கடித்தது. துரை பிழை என்றார். திரும்ப வைத்தேன், திரும்பவும் பிழை என்றார். அம்மாவின் பழைய காட்டன் புடவை முந்தானையால் துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சிடியில் என் நகத்துக்கு ஏதோ தட்டுப்பட்டது. அது பாட்டு இல்லை, கீறல்.

அந்தத் தொட்டில் பாட்டு போய்விட்டால் ரவுண்ட்ஸே இல்லை. பாலன் பிறந்ததை நினைத்து மெதுவாகப் பாடுகிற பாட்டு அது. அதற்குத்தான் எல்லார் வீட்டிலும் விளக்கைக் குறைத்துவிட்டு உட்காருவார்களாம், அக்கா சொல்லியிருக்கிறாள். மாமாவுக்குப் போன் போட்டேன். சும்மா ஓடவிட்டால் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடியது, ஓர் இடத்தில் லேசாக விக்கிவிட்டு ஓடியது. அப்படியானால் நகல் எடுக்காதே, ஓடவிட்டு அந்தச் சத்தத்தையே கம்ப்யூட்டருக்குள் பதிவு செய்துவிடு என்று எந்தப் பெட்டியில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். வெளியே போகிற சத்தத்தைக் கம்ப்யூட்டர் தானே திருப்பிப் பிடித்துக்கொள்ளுமாம்.

பதிவு என்று சொன்னதுதான் எனக்குப் பிடிபட்டது, தானே பிடித்துக்கொள்ளும் என்றது பிடிபடவில்லை. பதிவு என்றால் வீட்டில் மூச்சு விடக்கூடாது. நான் உத்தரவு போட்டேன். அப்பா ஃபேனை அணைத்துவிட்டு, இருமல் வந்தால் ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் நின்றுகொண்டார். அம்மா குக்கரை இறக்கி வைத்துவிட்டு, மீன்காரர் வந்து குரல் கொடுக்காமல் தடுக்க வாசலுக்கே போய்விட்டாள். அக்கா செல்போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். தொட்டில் பாட்டு தொடங்கி முடிகிறவரை எங்கள் வீட்டில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அந்த வீட்டில் வாயை மூடச் சொல்லாமல் விட்ட ஒரே ஆள் துரைதான்.

பதிவை முழுக்கப் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை. அப்பாவும் அம்மாவும்கூடக் கேட்டார்கள். பாட்டின் நடுவில் துரை பேசினார். துரை எப்போதும்தான் பேசுகிறார். எங்கள் மூவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அருமையா வந்துருக்கு பாப்பா என்றார் அப்பா. வெதுவெதுப்பான சிடிகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டேன். மறுநாள் சபையில் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, மூல சிடியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் விடுதிக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி. அண்ணன் பேட்டரியில் ஓடும் சிடி பெட்டியில் என் நகலைப் போட்டார். தொட்டில் பாட்டு வந்தது. இரண்டாவது சரணம் முடிந்து இடையிசை தொடங்கியபோது, வரிசையில் சின்னப் பிள்ளைகள் ஏனோ களுக் களுக்கென்று சிரித்தார்கள். கீபோர்டின் மணியோசை மெதுவாக இறங்கி அடங்கும் இடத்தில், "யுவர் கம்ப்யூட்டர் மைட் பி அட் ரிஸ்க்" என்றார் துரை. பிள்ளைகள் மொத்தமாகச் சேர்ந்து அவரோடு அதைச் சொன்னார்கள். வாரம் முழுக்க வீட்டில் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டிருந்தது. பெரியவர்களுக்கும் பழகிவிட்டது, அவர் பேசி முடிக்கிறவரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு மூன்றாவது சரணத்தை எடுத்தார்கள். "நான் அது ஏதோ இங்கிலீஷ் பைபிள் வசனம்னுல்ல நெனச்சேன்" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற டீச்சரம்மா.

எனக்கு அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, இந்த வருஷமும் போயிற்று என்ற பயம். பயிற்சி முடிந்ததும் அண்ணனின் கிரீஸ் வாசனையைத் தேடிப் போய் நின்றேன். மூல சிடியைக் கொடுங்கள், துரையை அணைத்துவிட்டுத் திரும்பப் பதிந்து தருகிறேன் என்றேன். துரையை அணைத்துவிட்டால் கம்ப்யூட்டரில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எந்த விசைக்குப் பிறகு எந்த விசை என்று விரலிலேயே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் நான் தயார் என்றேன். "எட்த்தாறேன் பாப்பா" என்றார் அண்ணன்.

வாரம் முழுக்க வகுப்பில் மேசையின் அடிப்பக்கத்தில் அந்த விசைகளைத் தட்டித் தட்டிப் பழகினேன். ஆனால் அண்ணன் சிடியைக் கொண்டுவரவில்லை. கேட்டால் பட்டறையில் இருக்கிறது என்றார். அடுத்த தடவை ஸ்கூட்டர் பெட்டியில் கிடக்கிறது என்றார். ஸ்கூட்டர் எங்கே என்றேன். "இன்னாத்துக்கு இம்மா அவசரம், வரும் வரும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னை ரவுண்ட்ஸுக்குக் கூட்டிப்போகாமல் இருக்க அவருக்கு நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது என்று நான் புழுங்கிப்போனேன்.

ரவுண்ட்ஸ் தொடங்க இருந்த சனிக்கிழமை மாலை ஸ்கூட்டர் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அப்பா கேட்டுக்குப் போனார். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணாத்தே, அந்தத் தொட்டில் பாட்டுல வெள்ளைக்காரன் பேசறான் இல்ல? அந்த எடத்துல சத்தத்தக் கொறைச்சி, அவன் முடிச்சதும் ஏத்தணும். எங்காளுங்களுக்குப் பாடிக்கினே அது கைக்கு வராது. பாப்பாவுக்குத்தான் கரீட்டா தெரியும். அது வந்தாத்தான் ஆவும்."

அப்பா கேட்டின் கொண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. கடைசியில், "தெருவெல்லாம் பள்ளமா கெடக்குதேப்பா" என்றார்.

"இத்தினி பேரு கீறோம், வுட்டுடுவமா?"

மறுபடியும் கொண்டிச் சத்தம்.

"சரி. அப்ப நானும் வர்றேன்."

நான் ஜன்னலுக்கடியில் குதித்தேன். இத்தனை வருஷம் வேண்டாம் என்று சொன்ன அண்ணன் இப்போது வாசலில் வந்து கெஞ்சுகிறார், அப்பா வேண்டுமென்றே அவரைக் காக்கவைத்து என் கணக்கைத் தீர்க்கிறார். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

சிடி பெட்டியை வாரில் கோத்து என் கழுத்தில் மாட்டினார்கள். ஒரு கை அக்காவின் முழங்கையில், இன்னொரு கையின் கட்டைவிரல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தில். ஒவ்வொரு வீட்டின் கூடமும் பாட்டை ஒவ்வொரு விதமாக வாங்கிக்கொண்டது. டைல்ஸ் போட்ட வீடு குரலை அப்படியே திருப்பிக் கொடுத்தது, சோபாவும் திரைச்சீலையுமாக இருந்த வீடு முழுங்கிவிட்டது, ஷீட் கூரை வீட்டில் தூறல் எங்களோடு சேர்ந்து தாளம் போட்டது. இதையெல்லாம் அக்கா ஒருநாளும் சொன்னதில்லையே என்று இருந்தது. தொட்டில் பாட்டு வரும்போது கட்டைவிரல் மட்டும்தான் நான். மணியோசை இறங்கும், விரலை உருட்டுவேன், மனசுக்குள் துரை பேசி முடிப்பார், திரும்ப உருட்டுவேன். ஒரு வீட்டிலும் தவறவில்லை. குறைக்கிற நேரத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் இல்லாமல் அந்தப் பாட்டு அந்த இடத்தைத் தாண்டாது.

வெள்ளானூரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில் மட்டும் பிள்ளைகள், "பாப்பாக்கா, இங்க ஒரு தபா வுட்டுடு" என்று கெஞ்சினார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. விட்டேன். விளக்கைக் குறைத்த கூடத்தில், பாலன் தூங்குகிற நேரத்தில், துரை கணீரென்று எச்சரித்தார். அந்த வீட்டுக்காரர் மாமா மாதிரி ஐ.டி. வேலைக்காரர் போலிருக்கிறது. நாற்காலியை உதறிக்கொண்டு எழுந்து, தன் கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளறைக்கு ஓடினார். மூன்றாவது சரணத்தை ஒருவராலும் பாட முடியவில்லை. அண்ணனே சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார்.

எங்களோடு வந்த அப்பா பாடவில்லை. அவருக்குப் பாட வராது. கையில் டார்ச் வைத்திருந்தார் என்று தெரியும், அவ்வப்போது அதன் பொத்தான் சத்தம் கேட்கும். எனக்குப் பக்கவாட்டில், ஓரடி பின்னால், அவருடைய ரப்பர் செருப்பு எப்போதும் சளக் சளக்கென்று வந்துகொண்டே இருந்தது. சேக்காட்டில் கடைசித் தெருவுக்குத் திரும்பினோம். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய தெரு, மழைத் தண்ணீர் வேறு. அக்கா என்னை இடப்பக்கமாக இழுத்தாள். அந்த நேரத்தில் பின்னால் பெரிதாக ஒரு தண்ணீர்ச் சத்தம். அப்பா முழங்கால்வரை பள்ளத்துக்குள் போயிருந்தார். டார்ச் தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டது.

"அண்ணாத்தே, டார்ச்ச கையில வெச்சிக்கினே வுழுந்துட்டியே!" என்று அண்ணன் ஓடினார். எல்லாரும் சிரித்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து அப்பா, "பாப்பா எங்க?" என்றார். பதில் சொல்ல முடியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வீடு வரும்வரை சிரித்தேன். கண் தெரியாத நான் விழவில்லை, டார்ச் பிடித்த அப்பா விழுந்துவிட்டார். இதைவிட நல்ல நகைச்சுவை எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. விடுதியில் சொன்னேன், காலேஜில் சொன்னேன், இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் புதிதாக யார் வந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று துரை கதையைத் தொடங்கி அப்பா விழுந்தது வரை சொன்னேன். கூடத்தில் அப்பாவும் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா தேய்க்க, நான் கழுவினேன்.

"உனக்கு நெசமாவே தெரியாதா?" என்றாள் அக்கா. "அண்ணன் வருஷா வருஷம் உன்ன அனுப்பச் சொல்லிக் கேப்பாரு. அப்பாதான் முடியவே முடியாதும்பாரு. அந்த ஒரிஜினல் சிடி அண்ணன் ஸ்கூட்டர்லதான்டி கெடந்துச்சு, வேணும்னேதான் தரல. நீ சரி பண்ணிட்டா, உன்னக் கூட்டிக்கினு போவ அப்பாகிட்ட சொல்றதுக்கு வேற காரணம் இல்லியே."

குழாயை மூடிவிட்டு நின்றேன். கேட்டின் கொண்டி தூக்கித் தூக்கி விழுந்த சத்தம் இத்தனை வருஷம் கழித்துக் காதில் கேட்டது. அண்ணன்மேல் நான் வளர்த்த கோபமெல்லாம் ஆள் மாறிப் போயிருக்கிறது. அப்பாவின்மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன், வரவில்லை.

"அப்புறம் அந்த டார்ச்சு" என்றாள் அக்கா. "அவரு அத ஒரு தபாகூட தன் காலுக்கு அடிக்கல. மொத ஊட்டுலேர்ந்து உன் காலுக்கு முன்னாடியே அடிச்சிக்கினு வந்தாரு. நீ கால் வெக்கிற எடத்தையே பாத்துக்கினு நடந்தா, அவரு கால் எங்க போவுதுன்னு எப்படித் தெரியும்?"

கூடத்தில் அப்பா இன்னும் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தார். பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, டார்ச்சும் அணைந்த இருட்டில், அவர் கேட்டது பாப்பா எங்கே என்றுதான். நான் அதற்கு இதோ இருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பலமாகச் சிரித்தேனே, அதைக் கேட்டு நான் விழவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.